சைன் விதி: செங்கோணம் இல்லாத முக்கோணத்தைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்துச் சமதரையில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, ஏறக்குறைய ஏழரை மைல் நீளக் கோட்டை அளந்து முடிக்க வாரக்கணக்கில் ஆனது. இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு கோட்டை அளந்ததற்குக் காரணம் இருந்தது. அதன் இரு முனைகளிலும் நின்று தொலைவில் இருக்கும் ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்துவிட்டால், குன்றுக்கு நடந்து போகாமலே அதன் தூரம் கணக்கில் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த தூரம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். இப்படி ஒன்றோடொன்று கோத்த முக்கோணச் சங்கிலிதான் பல பத்தாண்டுகளில் இமயமலை வரை போய்ச் சேர்ந்தது.

அந்தக் கணக்கின் உள்ளே இருப்பது சைன் விதி. பிளஸ் ஒன் பாடப் புத்தகத்தில் ஒரு சூத்திரமாக வந்துவிட்டுப் போவதால் பலரும் இதை மனப்பாடத்துக்கு உரியதாகவே நினைக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் நன்றாக அளந்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் கோணங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வழி இது என்று புரிந்துகொண்டால், எந்தக் கணக்கில் இது உதவும், எதில் காலை வாரிவிடும் என்பது தானாகவே தெரியும்.

முதலில் பெயர் வைப்போம்

முக்கோணத்தின் மூன்று மூலைகளுக்கு க, ச, த என்று பெயர் வைப்போம். கோணங்களையும் அதே எழுத்துகளால் குறிப்போம். பக்கங்கள் கச, சத, கத.

ஒவ்வொரு கோணத்துக்கும் அதற்கு நேர் எதிரே ஒரு பக்கம் உண்டு. பக்கத்தின் பெயரில் எந்த எழுத்து இல்லையோ, அந்த மூலைக்கு அது எதிர்ப்பக்கம். சத என்ற பெயரில் க இல்லை. ஆகவே அது கோணம் க-வுக்கு எதிர்ப்பக்கம். அதேபோல் ச-வுக்குக் கத, த-வுக்குக் கச. தவறாகப் போகும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே தவறுகின்றன. கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்தை அதன் ஜோடி என்று எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அதனால் படம் வரையாமல் ஆரம்பிக்க வேண்டாம். அளவு பிசகின படமாக இருந்தாலும் போதும்.

விதி என்ன, அது ஏன் உண்மை

சத ÷ சைன் க = கத ÷ சைன் ச = கச ÷ சைன் த

எந்த முக்கோணத்திலும் ஒரு பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண்தான் வரும். சமதள முக்கோணங்களுக்கு இதைத் தெளிவாக எழுதி நிறுவியவர்களில் 13-ஆம் நூற்றாண்டுப் பாரசீக அறிஞர் நசீருத்தீன் அத்தூசி முக்கியமானவர்.

நிரூபணம் மிகச் சின்னது. மூலை த-விலிருந்து பக்கம் கச-வுக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்குங்கள். முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. செங்கோண முக்கோணத்தில் ஒரு குறுங்கோணத்தின் சைன் என்பது அதன் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தது. இடது பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் செங்குத்துயரம் கத × சைன் க. வலது பக்கத்திலிருந்து பார்த்தால் அதே உயரம் சத × சைன் ச. உயரம் ஒன்றுதானே? ஆகவே கத × சைன் க = சத × சைன் ச. இருபுறமும் வகுத்து மாற்றி எழுதினால் விதி வந்துவிடும். வேறு மூலையிலிருந்து இன்னொரு செங்குத்தை இறக்கினால் மூன்றாவது விகிதமும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு கோணம் விரிகோணமாக இருந்தால் செங்குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே விழும். அப்போது கிடைக்கும் கோணம், 180 டிகிரியிலிருந்து அந்த விரிகோணத்தைக் கழித்தது. சைன் (180° − க) = சைன் க என்பதால் விதி மாறுவதில்லை. இந்தச் சமன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதி எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்துவதற்கு இதுதான் காரணம். பிறகு வரப்போகும் சிக்கலுக்கும் இதுவே காரணம்.

அந்த ஒரே எண் எது என்ற கேள்விக்கு அழகான பதில் உண்டு. முக்கோணத்தின் மூன்று மூலைகள் வழியாகவும் போகும் சுற்றுவட்டத்தின் விட்டம்தான் அது. ச-விலிருந்து வட்ட மையம் வழியாக ஒரு விட்டம் வரைந்து, அதன் மறுமுனையை க-வோடு சேர்த்தால், அரைவட்டத்தில் அமையும் கோணம் என்பதால் க-வில் செங்கோணம் வரும். மறுமுனையில் அமையும் கோணம் த-வுக்குச் சமம், அல்லது 180 டிகிரியிலிருந்து த-வைக் கழித்தது. இரண்டுக்கும் சைன் ஒன்றே. ஆகவே கச = விட்டம் × சைன் த. இதனால் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது: வட்டத்துக்குள் வரையும் எந்த நாணும் விட்டத்தைவிட நீளமாக இருக்க முடியாது. நீங்கள் கண்டுபிடித்த பக்கம் அந்தப் பொது எண்ணைத் தாண்டினால், எங்கோ பிழை.

கணக்கைத் தொடங்கும் முன் ஒரே கேள்வி

முழு ஜோடி இருக்கிறதா? அதாவது, ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிர்க்கோணமும் இரண்டுமே தெரியுமா?

இருந்தால் சைன் விதி. இரண்டு கோணங்கள் கொடுத்திருந்தால் மூன்றாவதை 180-லிருந்து கழித்துப் பெறலாம் என்பதால், ஒரு பக்கம் மட்டும் தெரிந்தாலும் ஜோடி தானாகவே அமைந்துவிடும். மூன்று பக்கங்கள் மட்டும் கொடுத்திருந்தாலோ, இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள கோணமும் கொடுத்திருந்தாலோ ஜோடி கிடையாது; கோசைன் விதியில்தான் தொடங்க வேண்டும். மூன்று கோணங்கள் மட்டும் இருந்தால் வடிவம் தெரியும், அளவு தெரியாது. ஒரு பக்கமாவது அளந்தே ஆக வேண்டும். லாம்ப்டன் அந்த ஏழரை மைலுக்குப் பாடுபட்டது இதற்காகத்தான்.

இரண்டு கோணம், ஒரு பக்கம்: ஆற்றின் அகலம்

ஆற்றின் இக்கரையில் க, ச என்று இரண்டு இடங்களில் கழி நடுகிறோம். இடைவெளி 120 மீட்டர். அக்கரையில் நீர் ஓரமாக ஒரு பனைமரம், அது த. க-வில் நின்று கரைக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தால் 68°. ச-வில் அளந்தால் 57°.

மூன்றாவது கோணம்: த = 180 − 68 − 57 = 55°.

முழு ஜோடி எது? த-வும் கச-வும். பொது எண் = 120 ÷ சைன் 55° = 120 ÷ 0.8192 = 146.5 (ஏறத்தாழ).

இப்போது ஒவ்வொரு பக்கமும் ஒரே பெருக்கலில் வந்துவிடும்:

சத = 146.5 × சைன் 68° = 146.5 × 0.9272 = 135.8 மீட்டர்
கத = 146.5 × சைன் 57° = 146.5 × 0.8387 = 122.9 மீட்டர்

ஆற்றின் அகலம் என்பது மரத்திலிருந்து இக்கரைக்கு இறக்கும் செங்குத்து. கத × சைன் 68° = 113.9 மீட்டர். சரிபார்க்க மறுபக்கத்திலிருந்தும் போடுங்கள்: சத × சைன் 57° = 113.9. இரண்டும் ஒத்துப்போகின்றன.

பொது எண்ணை முதலிலேயே கண்டுபிடித்துக் கால்குலேட்டரின் நினைவகத்தில் போட்டுவைப்பது நல்ல பழக்கம். ஒவ்வொரு முறையும் குறுக்குப் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தால் நேரமும் போகும், எண்ணும் மாறிப்போகும். நடுவில் முழுமையாக்காமல், கடைசி விடையை மட்டும் முழுமையாக்குங்கள்.

கொடுத்த பக்கம் இரண்டு கோணங்களுக்கும் நடுவில் இல்லாமல் வேறிடத்தில் இருந்தாலும் முறை இதேதான்.

இரண்டு பக்கமும், ஒன்றின் எதிர்க்கோணமும்: சிக்கல் இங்கேதான்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கோணம் க = 40°, பக்கம் கச = 10 என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கம் சத-வின் நீளத்தையும் கொடுத்துவிட்டு முக்கோணத்தைத் தீர்க்கச் சொல்கிறார்கள்.

சூத்திரத்தை மறந்துவிட்டு வரைந்து பாருங்கள். கச என்ற 10 அலகுக் கோட்டை வரைகிறோம். க-விலிருந்து 40 டிகிரியில் ஒரு கதிர் போகிறது. மூலை த அந்தக் கதிரில் எங்கோ இருக்கிறது, எங்கே என்று தெரியாது. கவராயத்தை ச-வில் ஊன்றி, சத நீளத்துக்குத் திறந்து ஒரு வில் வெட்டுங்கள். வில் கதிரைத் தொடும் இடம்தான் த. ச-விலிருந்து கதிருக்கு உள்ள மிகக் குறைந்த தூரம் 10 × சைன் 40° = 6.428. எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தது.

சத = 5 என்றால் வில் கதிரை எட்டவே எட்டாது. முக்கோணம் இல்லை. கால்குலேட்டரில் சைன் த = 6.428 ÷ 5 = 1.286 என்று வரும். சைன் 1-ஐத் தாண்டாது என்பதால் அது பிழை என்று காட்டும். பொத்தானை மாற்றி மாற்றி அழுத்த வேண்டாம். அதுவே சரியான விடை.

சத சரியாக 6.428 என்றால் வில் கதிரை ஒரே புள்ளியில் தொட்டுவிட்டுப் போகும். த செங்கோணம்.

சத = 7 என்றால் வில் கதிரை இரண்டு இடத்தில் வெட்டும். இரண்டு முக்கோணங்கள், இரண்டுமே உண்மை. சைன் த = 6.428 ÷ 7 = 0.9183. கால்குலேட்டர் 66.7° என்று மட்டும் சொல்லும். ஆனால் 180 − 66.7 = 113.3 டிகிரிக்கும் அதே சைன்தான். இரண்டையும் தனித்தனியாகத் தொடர வேண்டும்.

முதல் முக்கோணம்: த = 66.7°, ச = 73.3°, கத = (7 ÷ சைன் 40°) × சைன் 73.3° = 10.43.
இரண்டாவது: த = 113.3°, ச = 26.7°, கத = (7 ÷ சைன் 40°) × சைன் 26.7° = 4.89.

ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் நீளம். கால்குலேட்டர் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி விடை காணாமல் போகும். பரீட்சையில் மதிப்பெண் போவதோடு முடிந்துவிடும். நிலத்தில் இதைச் செய்தால் கல் தப்பான இடத்தில் நடப்படும்.

சத = 12 என்றால் என்ன? சைன் த = 6.428 ÷ 12 = 0.5357, த = 32.4° அல்லது 147.6°. இரண்டாவதைச் சோதியுங்கள்: 40 + 147.6 = 187.6. ஏற்கெனவே 180-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே தள்ளுபடி. ஒரே முக்கோணம்தான்: ச = 107.6°, கத = 17.79.

ஆக, கொடுத்த கோணம் குறுங்கோணமாக இருக்கும்போது, எதிர்ப்பக்கம் அந்தக் குறைந்தபட்சத் தூரத்துக்கும் கொடுத்த இன்னொரு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டால்தான் இரட்டை விடை. இதை மனப்பாடம் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு கோணங்களையும் எழுதி, கொடுத்த கோணத்தோடு கூட்டி, 180-க்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை. எல்லா நிலைக்கும் அது வேலை செய்யும்.

கொடுத்த கோணமே விரிகோணமாக இருந்தால் விஷயம் எளிது. விரிகோணத்தின் எதிர்ப்பக்கம்தான் முக்கோணத்திலேயே நீளமானது. கொடுத்த எதிர்ப்பக்கம் மற்றதைவிட நீளமாக இருந்தால் ஒரு முக்கோணம். இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

நிஜ வேலையில் இரண்டில் எது என்பதைக் கணக்கு சொல்லாது, இடம்தான் சொல்லும். மரம் கிட்டத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அளவையாளர்கள் கூடியவரை கோணங்களையே அளந்து, இந்த நிலைக்குள் போகாமல் தவிர்ப்பது அதனால்தான்.

கோசைன் விதிக்குப் பிறகு சைன் விதி

இன்னொரு இடத்திலும் இதே சறுக்கல் ஒளிந்திருக்கிறது. கோணம் க = 30°, கச = 5, கத = 9. கோணம் நடுவில் இருப்பதால் கோசைன் விதி: சத² = கச² + கத² − 2 × கச × கத × கோசைன் க = 25 + 81 − 90 × 0.8660 = 28.06, சத = 5.297. இப்போது முழு ஜோடி கிடைத்துவிட்டதால் மீதிக்குச் சைன் விதியைப் போடலாம்.

ச-வை முதலில் கண்டுபிடிக்கப் போனால்: சைன் ச = 9 × 0.5 ÷ 5.297 = 0.8495, கால்குலேட்டர் சொல்வது 58.2°. இது தவறு. உண்மையான கோணம் 121.8°. இங்கே முக்கோணம் ஒன்றுதான், ஆனால் அதன் பெரிய கோணம் விரிகோணம் என்று சைனுக்குத் தெரியாது.

வழி சுலபம். சிறிய பக்கத்தின் எதிர்க்கோணத்தை முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு முக்கோணத்தில் இரண்டு விரிகோணம் இருக்க முடியாது என்பதால் சிறிய கோணம் நிச்சயம் குறுங்கோணம்தான். சைன் த = 5 × 0.5 ÷ 5.297 = 0.4720, த = 28.2°. மீதி ச = 180 − 30 − 28.2 = 121.8°.

மெலிந்த முக்கோணத்தை நம்பாதீர்கள்

அடிவாரத்துக்குப் போக முடியாத ஒரு மலையின் உயரம் வேண்டும். மலையை நோக்கிய ஒரே நேர்கோட்டில், சமதரையில், 200 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று உச்சியின் ஏற்றக் கோணத்தை அளக்கிறோம். தூரத்து இடத்தில் 22°, கிட்டத்து இடத்தில் 31°.

இரண்டு இடங்களும் உச்சியும் சேர்ந்த முக்கோணத்தில் கிட்டத்து மூலையின் கோணம் 180 − 31 = 149°. உச்சிக் கோணம் 180 − 22 − 149 = 9°. 9 டிகிரிக்கு எதிர்ப்பக்கம் நாம் அளந்த 200. கிட்டத்து இடத்திலிருந்து உச்சிக்கு நேர்தூரம் = 200 × சைன் 22° ÷ சைன் 9° = 478.9 மீட்டர். உயரம் = 478.9 × சைன் 31° = 246.7 மீட்டர். கருவியை வைத்த உயரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கணக்கு சரிதான், ஆனாலும் இந்த விடையை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். 31 என்று எடுத்த கோணம் உண்மையில் 30.5 என்றால் உயரம் 257.3 ஆகிவிடும். அரை டிகிரி பிசகினால் பத்து மீட்டருக்கும் மேல் வித்தியாசம். ஆற்றுக் கணக்கில் ச-வை அரை டிகிரி கூட்டி அளந்திருந்தால் 113.9 என்பது 115.3 ஆகியிருக்கும், அவ்வளவுதான். காரணம் அந்த 9°. சின்னக் கோணத்தின் சைன் சின்ன எண். அதில் துளி மாறினாலும் அதனால் வகுக்கும்போது விடை ஊதிப்போகும். அளவையாளர்கள் முக்கோணத்தின் எந்தக் கோணமும் 30 டிகிரிக்குக் குறையாமலும் 120 டிகிரியைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான். மலைக்கு இன்னும் நீளமான அடிக்கோட்டை எடுத்தால் விடை உறுதிப்படும்.

நல்ல முக்கோணம் அமைய உயரமான இடங்கள் வேண்டும். தஞ்சாவூர் போன்ற தட்டையான வயல்வெளியில் லாம்ப்டனுக்குக் கோயில் கோபுரங்கள்தான் கிடைத்தன. 1808-இல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி அதன் வட்டு நசுங்கிவிட்டது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தன் கையாலேயே செப்பனிட்டுக்கொண்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். கோண வட்டு சரியில்லையென்றால் அதன்மேல் கட்டும் தூரங்கள் எல்லாமே கெட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கோணத்தைக் கண்டுபிடிக்கும் கணக்குகளில் இன்னொரு பலவீனம் உண்டு. சைன் 85° = 0.9962, சைன் 86° = 0.9976. 90-ஐ நெருங்க நெருங்க சைன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. ஆகவே விடை 80-க்கு மேல் வந்தால், முடிந்தவரை அந்தக் கோணத்தை மற்ற இரண்டையும் கழித்துப் பெறுங்கள், அல்லது கோசைன் விதியைப் போடுங்கள்.

கால்குலேட்டரும் சரிபார்ப்பும்

முதலில் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல், ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறது. 41° 20′ என்பது 41.20 இல்லை, 20-ஐ 60-ஆல் வகுத்து 41.333 என்று போட வேண்டும்.

முடித்ததும் மூன்றைப் பாருங்கள். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்கிறதா? இரண்டு பக்கங்களின் கூட்டல் மூன்றாவதைத் தாண்டுகிறதா? மூன்று விகிதங்களும் ஒரே எண்ணைத் தருகின்றனவா? நிலத்தில் அளக்கும்போது இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்றாவது கோணத்தைக் கழித்துப் பெறாமல், முடிந்தால் அங்கேயும் போய் அளந்து, கூட்டல் 180 வருகிறதா என்று பாருங்கள். பல மைல் நீள முக்கோணங்களில் பூமியின் வளைவால் கூட்டல் 180-ஐச் சற்றே தாண்டும். சுமார் 200 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விநாடி, அதாவது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு. நம் வயல் அளவில் அதைக் கவலைப்பட வேண்டியதில்லை.

லாம்ப்டனின் சரிபார்ப்பு இன்னும் கடுமையானது. பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுக்கொண்டே போய், 1804-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். பல மைல் நீளக் கோட்டில் வித்தியாசம் சில அங்குலங்கள்தான்.

நீங்களே போட்டுப் பார்க்க

முதல் கணக்கு: க = 48°, ச = 77°, கச = 15. விடை: த = 55°, சத = 13.6, கத = 17.8.

இரண்டாவது: க = 52°, கச = 18, சத = 16. குறைந்தபட்சத் தூரம் 14.18 என்பதால் இரண்டு முக்கோணங்கள். த = 62.4°, ச = 65.6°, கத = 18.5; அல்லது த = 117.6°, ச = 10.4°, கத = 3.7.

மூன்றாவது: க = 110°, கச = 8, சத = 7.8. கால்குலேட்டர் பிழை காட்டாது; த = 74.5° என்று நிதானமாகச் சொல்லும். ஆனால் 110 + 74.5 = 184.5. இப்படி ஒரு முக்கோணமே கிடையாது.